கோழிக் கொட்டகையின் கூரையும் கோடை வெயிலும்

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிக் கிடக்கும் நமது வட்டாரத்தில் கத்திரி வெயிலைப்பற்றி எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலில் வைத்த வெப்பமானி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கு அரிதன்று. பழைய கணக்கில் அது 104 டிகிரி பாரன்ஹீட். கடுமையான நாட்களில் 108 என்றும் 110 என்றும் ஏறும். சுற்றிலும் மரமற்ற பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அவை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கின்றன. புழக்கடையில் இருபது கோழி வளர்க்கும் நெசவாளர் குடும்பமாயினும், நிலத்தின் ஓரத்தில் கொட்டகை போட்டு ஆயிரம் கறிக்கோழி வளர்க்கும் விவசாயியாயினும், கோடையில் நஷ்டம் நேருவது பெரும்பாலும் ஒரே வேளையில்தான்: பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே. அந்த மூன்று மணி நேரத்தைக் கோழிகள் உயிரோடு கடப்பதற்குக் கூரையும் நிழலும் எவ்வளவு உதவும், எவ்வளவு உதவா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் கோழியின் உடலமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதன் உடற்சூடு நம்முடையதைவிட அதிகம். ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. உடம்போ இறகால் போர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே, சூடு மிகுந்தபோது அது இறக்கைகளை அகட்டிக்கொண்டு நிற்கும். குளிர்ந்த மண்ணைத் தேடிப் படுக்கும். இவை போதாவிடில் வாயைத் திறந்து இளைக்கும். இளைக்கும்போது மூச்சோடு ஈரம் ஆவியாகி வெளியேறுவதால் உடல் சற்றே தணிகிறது. 18 முதல் 24 டிகிரி வரை கோழிக்குச் சுகமான வெப்பம். 30 டிகிரியை நெருங்கும்போது இளைப்புத் தொடங்குகிறது, தீவனம் குறைகிறது. மேலும் ஏறினால் முட்டை சிறுத்து ஓடு மெலிகிறது. சிப்பித்தூளைக் கூட்டிப் போட்டும் ஓடு தடிக்கவில்லையே என்று கேட்பவர்கள் பலர். முட்டையோடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஓயாமல் இளைக்கும் கோழியின் இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவு மீறி வெளியேறிவிடுகிறது. ஆகையால் ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் போதிய அளவில் கிடைப்பதில்லை. குறை சிப்பியில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது.

38 டிகிரிக்குமேல் சாவு தொடங்கக்கூடும். அதிலும் முந்திக்கொள்வது விற்பனைக்கு நெருங்கிய கொழுத்த கறிக்கோழிதான். சிறு குஞ்சு தாங்கும் வெயிலை இரண்டு கிலோ எடையுள்ள கோழி தாங்காது. ஐந்து வாரம் தீவனம் போட்டு வளர்த்தது கடைசி வாரத்தில் ஒரு பிற்பகலில் சுருண்டு விழுமானால், வளர்ப்புக் கூலிக்கு வளர்ப்பவருக்கு அந்தத் தொகுதியின் உழைப்பே வீண். இதைக் கருதித்தான் கூரையைப்பற்றி இவ்வளவு விரிவாகப் பேச முற்படுகிறோம்.

கொட்டகைக்குள் கோழியைத் தாக்கும் வெப்பம் இருவகைப்படும். ஒன்று காற்றின் வெப்பம். மற்றொன்று, சூடேறிய பொருளிலிருந்து நேராகப் பாயும் வெப்பம். எரியும் சூளைக்கு அருகில் நிற்பவன் முகத்தில் அறைகிறதே, அதுபோன்றது. வெயிலில் கிடக்கும் தகட்டுக் கூரை 60 டிகிரிக்குமேல் காய்ந்துவிடுகிறது. அதன் அடியில் நிற்கும் கோழிக்கு அது கவிழ்த்துவைத்த தோசைக் கல். வெளிக்காற்று 41 டிகிரியாக இருக்கும்போது உள்காற்றை 30 டிகிரியாக்கும் வல்லமை எந்தக் கூரைக்கும் இல்லை. அப்படிச் சொல்லி விற்க வருபவரை நம்ப வேண்டாம். ஆனால், மேலிருந்து பாயும் இந்த இரண்டாவது வெப்பத்தைப் பெரும்பாலும் தடுத்துவிட நல்ல கூரையால் முடியும். சாகும் கோழிக்கும் பிழைக்கும் கோழிக்கும் உள்ள வேற்றுமை பலவேளைகளில் அவ்வளவுதான்.

கூரைமேல் தண்ணீர் தெளித்தால் போதாதா என்று கேட்கலாம். நாமக்கல் பக்கத்துப் பெரும்பண்ணைகளில் தெளிப்பான் வைத்துக் கூரையை நனைக்கிறார்கள். புகைபோல் நீர் தூவும் குழாய்களும் உண்டு. முற்றும் அடைத்த கொட்டகையில் ஈர அட்டை வழியே விசிறியால் காற்றை இழுக்கும் முறையும் வந்துவிட்டது. நமது பகுதியின் கோடைப் பிற்பகல் வறண்டது. ஆதலின் ஆவியாகும் நீர் இங்கு நன்றாகவே குளிர்விக்கும். இடர்ப்பாடு நீரில்தான். வேலூரைக் கேலி செய்பவர்கள் "நீரில்லா ஆறு" என்பதையும் அதன் அதிசயங்களில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஆற்றில் இல்லாவிடினும் ஊற்றில் இருந்தது. பல ஊர்களில் அதையும் உப்பாக்கிவிட்டோம். பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். பதனிடுமுன் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரோடு போகிறது. உப்பைப் பிரித்தெடுப்பது மற்ற அழுக்கைப் பிரிப்பதைவிடக் கடினமும் செலவும் ஆன வேலை. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனுமீது உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பும் வழிகோலிற்று. ஆனால், நிலத்தில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பினால் ஏறிவிடுமா?

உப்புநீர் தூவுகுழாயின் நுண்துளையை அடைக்கும். தகட்டுக் கூரையைத் துருப்பிடிக்கச் செய்யும். காய்ந்த இடமெல்லாம் வெண்பொருக்காய்ப் படியும். நல்ல நீர் இருக்குமாயின் அது முதலில் கோழி குடிப்பதற்கு வேண்டும். கோடையில் கோழி வழக்கத்தைப்போல் இரு மடங்கு குடிக்கும். விற்பனைப் பருவத்தில் உள்ள ஆயிரம் கறிக்கோழிக்கு நாளொன்றுக்கு 400, 500 லிட்டர் வரை செல்லும். ஆகவே, நீரைக்கொண்டு குளிர்விப்பது நமக்கு இரண்டாவது வழி. கூரையும் நிழலுமே முதல் வழி. ஒருமுறை செலவிட்டால் அவை மின்சாரமும் கேளா, தண்ணீரும் கேளா.

சூரியன் நிற்கும் இடம்

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும் என்பது எல்லாப் புத்தகங்களிலும் உள்ளதுதான். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயில் குறுகிய பக்கங்களில் விழும். அப்பக்கங்களைச் சுவர் வைத்தோ கீற்றுத் தட்டி வைத்தோ கூரைவரை அடைத்துவிடலாம். ஆனால், வடநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுபவர்கள் தென்புறத்து இறவாரத்தை மட்டும் நீட்டி, வடபுறத்தைக் குட்டையாக விட்டுவிடுகிறார்கள். இது நமக்குப் பொருந்தாது. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கு ஏப்ரல் 25-ஐ ஒட்டி நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்டு 18 வரையில் நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி முழுவதும் அந்தக் காலத்திற்குள் அடங்குகிறது. காலை எட்டு மணி வெயிலும் மாலை நான்கரை மணி வெயிலும் வடகிழக்கிலும் வடமேற்கிலுமிருந்து சாய்ந்து நுழையும். ஆகவே இருபுறமும் இறவாரம் மூன்று முதல் நான்கு அடி வரை நீண்டிருத்தல் வேண்டும். உச்சிவெயில் முழுவதையும் வாங்குவது கூரையே என்பதும் இதனால் விளங்கும்.

அகலம் 25 அடிக்கு மேற்படாதிருப்பது நலம். அதற்கு மேல் போனால் நடுவில் காற்று தேங்கும். பக்கச்சுவர் ஒன்று அல்லது ஒன்றரை அடி, அதன்மேல் இறவாரம்வரை கம்பிவலை. இறவாரம் எட்டடிக்குக் குறையலாகாது. முகடு எவ்வளவுக்கெவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. சூடான காற்று மேலேறி வெளியேற முகட்டில் நெடுக ஒரு சந்து விட்டு, மழை புகாதபடி அதன்மேல் சிறு தொப்பிக் கூரை போட வேண்டும். தோல் பதனிடும் பழைய கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பதனிட்ட தோலைக் கடும் வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடித்துவிடும் என்பதனால், பக்கங்களில் காற்று வரச் சந்துவிட்டு, நிழலில் உலர்த்தும் உயர்ந்த கொட்டகைகளை அவர்கள் கட்டினார்கள். தோலுக்குத் தேடிய அந்த வசதி கோழிக்கும் அப்படியே பொருந்தும்.

தெருவோரத்து மனையில் திசையைத் தேர்ந்தெடுக்க நெசவாளருக்கு வழியில்லை என்பதை அறிவோம். அப்படிப்பட்ட இடத்தில் மேற்குப் பக்கத்தில் கீற்றுத் தட்டியோ பந்தலோ வைத்து மாலை வெயிலை மறிப்பதே செய்யத்தக்கது.

கூரைப் பொருள்கள்

தென்னங்கீற்றையும் பனையோலையையும் மிஞ்சிய குளிர்ச்சி வேறெதிலும் இல்லை. ஓலைக்கும் ஓலைக்கும் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தைக் கீழே விடாது. குழித்தறியில் அமர்ந்து நெய்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. தாழ்ந்த மண்சுவரும் கீற்றுக்கூரையும் உள்ள தறிவீட்டில் கோடையிலும் பாவு ஈரப்பதத்தோடு இருக்கும். தகடு போட்ட பின்னர் இழை வறண்டு அறுபடுவதைக் கண்டு வருந்தியவர்கள் உண்டு. ஆயினும் கீற்றில் குறைகளும் சிறியனவல்ல. ஓரிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும்; பனையோலை அதைவிடச் சற்று அதிகம் உழைக்கும். தீப்பொறிக்கு அஞ்ச வேண்டும். எலி குடிபுகும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கோழி உண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் இறங்கிக் குருதி குடிக்கும். இருபது கோழிக்குக் கீற்று மிகவும் உகந்தது. ஆயிரம் கோழிக்குக் கீற்றை மட்டும் நம்புவது அபாயம்.

ஓடு நல்ல நடுவழி. நாட்டு ஓடும் சரி, 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியதனால் மங்களூர் ஓடு என்று பெயர் பெற்றதும் சரி, சந்துகளின் வழியே மூச்சு விடுகின்றன. பாரம் அதிகமாகையால் மரச்சட்டத்திற்குச் செலவாகும். குரங்குத் தொல்லை உள்ள ஊரில் ஆண்டுதோறும் மாற்ற ஓடு இருப்பில் வைத்திருக்க வேண்டும்.

சிமெண்ட் அட்டையும் துத்தநாகம் பூசிய தகடும் மலிவு, உழைப்பு, விரைவு ஆகியவற்றால் இப்போது எங்கும் பரவிவிட்டன. வெயிலைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டுமே மோசம். தகடு அதிலும் மோசம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டையை உலர்ந்த நிலையில் அறுக்கவோ துளையிடவோ, பழைய அட்டையைத் துடைப்பத்தால் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. நனைத்த பின்னரே அதில் கைவைத்தல் வேண்டும்.

அட்டையும் தகடும் ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மிக மலிவானது வெள்ளையடிப்பது. புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறைவதை எதிர்பார்க்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஓரிரவு ஊறவைத்து, கப்பி நீங்க வடித்து, பாலின் பதத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடும் வீட்டில் அது பிடிப்பதற்கு என்ன சேர்ப்பது என்று சொல்லத் தேவையில்லை. அதே கஞ்சியில் ஒரு பங்கைச் சேர்த்து, ஒரு கை காய்ந்த பின் மறு கை அடிக்கலாம். மாசி கடைசியில் அடித்தால் கோடை முழுவதும் நிற்கும். ஐப்பசி மழையில் கரைந்து போகும். போனால் போகட்டும், மழைக்காலத்தில் அது தேவையில்லை. இது அட்டைக்கும் ஓட்டுக்குமே பொருந்தும். துத்தநாகத் தகட்டில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. ஈரச்சுண்ணாம்பு துத்தநாகப் பூச்சையும் அரிக்கக்கூடும். தகட்டுக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சை வாங்கி அடிப்பதே முறை.

இரண்டாவது வழி இரட்டைக் கூரை; நமது அபிப்பிராயத்தில் இதுவே சிறந்தது. அட்டையின்மேல் மூங்கில் கட்டி, அரை அடி இடைவெளி விட்டு, அதன்மேல் கீற்று வேய்வது. வெயில் கீற்றோடு நின்றுவிடும். இடைவெளியில் ஓடும் காற்று மிச்ச வெப்பத்தை அடித்துச் சென்றுவிடும். மழைக்கு அட்டை இருக்கவே இருக்கிறது. கீற்றை அட்டைமேலேயே பரப்பிவிடுவது மூங்கிலுக்காகும் கூலியை மிச்சப்படுத்தும். ஆனால், பயன் குறையும், தேங்கும் ஈரத்தில் கீற்றும் விரைவில் மக்கிவிடும். கோடை முடிந்ததும் கீற்றைப் பிரித்து உலர வைத்தால் மறு ஆண்டுக்கும் பாதியாவது தேறும்.

மூன்றாவது வழி கூரைக்கு அடியில் ஓலைப்பாய் கட்டுவது. அட்டையின் தணலைப் பாய் மறிக்கும். ஆனால், பாய்க்கும் அட்டைக்கும் நடுவிலுள்ள சூட்டுக்காற்று முகட்டுச் சந்தின் வழியே வெளியேற வேண்டும். அச்சந்து இல்லாத கொட்டகையில் பாய் கட்டினால் அரைப்பயன்தான். உண்ணிக்கும் எலிக்கும் நாமே மாளிகை கட்டிக் கொடுத்ததாகவும் முடியும்.

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு நம்மைவிடக் கொடிய வெயில் உள்ள இடம். அங்கு 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கால்நடைகளுக்கான நிழற்கூரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், வைக்கோல் பரப்பிய கூரையை மிகவும் குளிர்ச்சியானவற்றுள் வைத்தார்கள். தகட்டுக் கூரையாயின் மேற்புறம் வெள்ளையும் அடிப்புறம் கறுப்பும் பூசுவது நலம் என்றும் கண்டார்கள். அடிப்புறம் ஏன் கறுப்பு? வெற்றுத் தரையிலிருந்து மேலெழும் வெப்பத்தைப் பளபளப்பான தகடு கண்ணாடிபோல் கீழேயே திருப்பி விடுகிறது. கறுப்போ அதை வாங்கிக்கொள்கிறது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. கொட்டகையைச் சுற்றியுள்ள வெற்றுத் தரையும் ஒரு சூடேறும் பரப்பே. நாலாபக்கமும் பத்தடிக்கு அருகம்புல் வளரவிட்டால் அந்த வெப்பமும் தணியும்.

நிழல்

மரங்களுள் நமக்கு உகந்தவை புங்கும் வேம்பும். இரண்டும் கோடைத் தொடக்கத்தில் பழைய இலையை உதிர்த்து, வெயில் கொடுமையாகும் சமயத்தில் புதுத்தழை விட்டுவிடும், நமக்காகவே அமைந்தவைபோல. மேற்கிலும் வடமேற்கிலும் 15, 20 அடி தள்ளி நட வேண்டும். கிளைகளை இறவாரத்தின் உயரம்வரை கழித்துவிட்டால் மேலே நிழலும் கீழே காற்றும் கிடைக்கும். அடிவரை அடர்ந்த வேலிச் செடியை வலைக்கு எதிரில் வளர்ப்பவர், நிழலுக்கு ஆசைப்பட்டுக் காற்றை அடைத்தவராகிறார். கிளை கூரைமேல் கவிந்தால் காக்கையும் மற்றப் பறவைகளும் தங்கி எச்சமிடும். எச்சத்தோடு நோயும் வரும்.

மரம் வளர ஐந்தாறு ஆண்டு பொறுக்க வேண்டும். புழக்கடைக் கூட்டுக்கு அவ்வளவு காத்திருப்பானேன்? தை மாதத்தில் சுரையோ பீர்க்கோ ஊன்றிப் பந்தல் விட்டால் பங்குனிக்குள் கூட்டை மூடும், கறிக்கும் காயாயிற்று. கோவைக்கொடி ஒருமுறை வேர்பிடித்தால் ஆண்டுகள் பல நிற்கும். கொடி கூட்டின்மேல் நேரே படராமல் ஓரடி உயரத்தில் பந்தலில் படர்வதே முறை.

கோணிச்சாக்கை நனைத்து வலையில் தொங்கவிடும் வழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. அனல்காற்று வீசும் பக்கத்தில் மட்டும், வலையின் ஒரு பகுதியில் தொங்கவிட்டால் நன்மையே. நாலு பக்கமும் தொங்கவிட்டு மூடினால் உள்ளே புழுக்கம் கட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் கோழி எவ்வளவு இளைத்தும் அதன் உடல் தணியாது. கோடை இடிமழை பெய்த மறுநாள் வெப்பமானி குறைவாகக் காட்டியும் கோழி சாவதற்கு இதுவே காரணம். அன்றைக்குச் சாக்குகளைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும். நீர் தூவுவதையும் நிறுத்த வேண்டும்.

படுக்கையைப்பற்றி ஒரு சொல். கோடையில் உமியோ கடலைத் தோலோ இரண்டு அங்குலக் கனம் போதும். பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று தோற்சீவலைப் பரப்ப வேண்டாம். குரோமியம் இட்டுப் பதனிட்ட தோலின் சீவலைக் கோழி கொத்தித் தின்னும். அது நமது இலைக்கும் வந்து சேரும்.

கூரை எப்படி இருக்கிறதென்று அறிய எளிய சோதனை உண்டு. பிற்பகல் இரண்டரை மணிக்கு உள்ளே சென்று, கூரையின் அடிப்புறத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் கூரை கோழியைச் சுடுகிறது. கோழியின் முதுகு உயரத்தில் ஒரு வெப்பமானியும், வெளியே மரநிழலில் ஒன்றும் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடியிருந்தால் கூரையில் வேலை இருக்கிறது. இரண்டும் சமமாயிருந்தும் கோழி இளைக்குமானால் கூரை தன் கடமையைச் செய்துவிட்டது. இனி விசிறி, எண்ணிக்கைக் குறைப்பு, தீவன நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கறிக்கோழிக்கு ஓரடி சதுரம் என்பதைக் கோடைத் தொகுதியில் ஒன்றேகால் அடியாக விடலாம். தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் வைத்து, நண்பகலில் எடுத்துவிட வேண்டும்; செரிக்கும் தீவனமும் உடலில் சூட்டை உண்டாக்கும்.

தண்ணீர்த் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரைக்கெல்லாம் வெள்ளையடித்து, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் மொட்டை வெயிலில் நிறுத்தியிருப்பார்கள். அதிலிருந்து வெந்நீராய் வரும் தண்ணீரைக் கோழி தொடாது, தாகத்தோடு நிற்கும். தொட்டிக்கு மேல் கீற்றும், சுற்றிலும் நனைத்த சாக்கும் வேண்டும். குழாயை ஓரடி ஆழத்தில் மண்ணுக்குள் புதைக்க வேண்டும்.

கீற்று முடையும் கூலியும் கீற்றின் விலையும் பங்குனி பிறந்தால் ஏறிவிடும். ஆளுக்கு நூறு கீற்று என்று தனித்தனியே அலைவதைவிட, ஓர் ஊரின் அங்கத்தினர்கள் தை மாதத்திலேயே தத்தம் கொட்டகையை அளந்து, வேண்டிய கீற்று, மூங்கில், சுண்ணாம்பு ஆகியவற்றின் கணக்கைச் சங்கக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்தால், ஒரே கொள்முதலாக வண்டியேற்றிக் கொண்டுவந்துவிடலாம். அளக்கும்போது தரைப்பரப்பைச் சொல்லாமல் கூரையின் சாய்வுப் பரப்பையும் இருபுறத்து இறவாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிடில் கடைசியில் மேற்குக் கோடிக்குக் கீற்று பற்றாமற்போகும்.